அணு உலை துடைக்கிற மாப்பிள்ளை

என் தம்பி பிரான்சில் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல வருடமாக நான்தான் பதில் சொல்லிவந்தேன். "கரண்ட் எடுக்கிற பெரிய ஸ்டேசனிலை வேலை" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. கேட்டவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள். ஊர்காவற்றுறையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் அப்போது மின்சாரம் இல்லை. போத்தலும் கானுமாக வரிசையில் நிற்கிற சனத்திடம், புனலைப் பிடித்துக்கொண்டே, என் தம்பி கரண்ட் உண்டாக்குகிற இடத்தில் இருக்கிறான் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தொண்ணூற்றாறில் நாங்கள் இடம்பெயர்ந்த இடத்திலிருந்து எங்கள் ஊரான கரம்பொன்னுக்குத் திரும்பியபோது அவன் எங்களோடு வரவில்லை. வளர்ந்த பெடியனை ஆமிக்காரரின் சென்றிகளைத் தாண்டிக் கூட்டிவர அம்மாவுக்குத் துணிவில்லை. அப்பா நாங்கள் சின்னனாக இருக்கும்போதே காய்ச்சலில் செத்துப்போனவர். அம்மா தன் நகையெல்லாம் கொடுத்துத் தம்பியைக் கப்பலில் கொழும்புக்கும், அங்கிருந்து எப்படியோ பாரிசுக்கும் அனுப்பினா. முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். விசா கிடைத்ததும் எங்கேயோ ஆற்றங்கரையில் இருக்கிற மின்நிலையத்தில் துப்புரவு வேலை கிடைத்தது என்று யாழ்ப்பாணத்துக் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்துச் சொன்னான். துப்புரவு என்ற சொல்லை மட்டும் நான் ஊரில் சொல்லாமல் விட்டேன்.

இடையில் ஒரு படம் அனுப்பினான். அதில் தலை மொட்டையாக இருந்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் மொட்டை அடிக்கிற வழக்கம் இல்லை. அம்மா அந்தப் படத்தை யன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றா. பொலிஸ் பிடித்து மறியலில் இருக்கிறானோ என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டா. போனில் கேட்டபோது, "முடி கொட்டினது, அதுதான் எடுத்துவிட்டனான்" என்றான். நாங்கள் நம்பினோம்.

சமாதானம் என்று பேச்சு வந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு, இரண்டாயிரத்து மூன்றில், அவன் வந்தான். நாலு மாதம் நிற்பேன் என்றான். இவ்வளவு நீண்ட லீவு வெளிநாட்டில் ஒருத்தருக்கும் கிடைக்காது, இது கர்த்தர் பார்த்துத் தந்தது என்று அம்மா சொன்னா. கையோடு கலியாணப் பேச்சைத் தொடங்கினா. நாரந்தனையில் எங்களைப் போலவே ஒரு வேதக்காரக் குடும்பம். தகப்பனுக்குச் சொந்த வள்ளமும் இயந்திரமும் இருந்தன. பெண் அங்கே சின்னப்பிள்ளைகளுக்கு நேர்சறியில் படிப்பிக்கிறவள். படம் பார்த்து இரு பக்கமும் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நாங்கள் பெண் வீட்டுக்குப் போவதாக ஒழுங்கு.

அதற்கு முதல் வாரத்தில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது.

பெண் வீட்டார் திரும்பி எங்கள் வீட்டுக்கு வரும்போது பார்க்க வடிவாய் இருக்கவேண்டும் என்று தம்பி வீட்டைத் துப்புரவாக்கத் தொடங்கினான். சமைக்கிற குசினிச் சுவர் முழுக்க லாம்புக் கரி. வருடக்கணக்காகப் படிந்தது. நான் சங்கக்கடையால் வந்தபோது அவன் பழைய சாரம் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு சுவர் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டை நாலாக மடிப்பான். கொஞ்சம் ஈரமாக்குவான். மேலிருந்து கீழாக ஒரே இழுவை. மீண்டும் அதே இடத்துக்குப் போகமாட்டான். துணியைப் புரட்டி, கரி படாத பக்கத்தால் அடுத்த இழுவை. எல்லாப் பக்கமும் கரியானதும் அதை உள்பக்கமாகச் சுருட்டி ஒரு பையில் போட்டுவிட்டுப் புதுத் துண்டு எடுப்பான்.

"என்னடா துணியை வீணாக்கிறாய்? வாளிக்கை அலசிப்போட்டுத் துடையன்" என்றேன்.

"அலசினா ஊத்தை தண்ணிக்கை போயிடும் அக்கா. பேந்து தண்ணியையும் துப்புரவாக்கவேணும்."

"கரித் தண்ணியை வளவுக்கை ஊத்துறதுக்கு என்ன?"

அவன் சிரித்தான். "ஓம், என்ன. பழக்கம். அங்கை ஊத்த ஏலாது."

"அங்கையும் சுவர்தான் துடைக்கிறனியோ?"

"சுவர், நிலம், குழாய், தொட்டி, எல்லாம்."

"கரண்ட் ஸ்டேசனிலை அவ்வளவு கரியே?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டே அவன் என்னைப் பார்த்தான். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு சொன்னான்: "கரி இல்லை அக்கா. அது அணு உலை."

அணு என்ற சொல்லை நான் குண்டோடு சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருந்தேன். உலை என்றால் எனக்குச் சோறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அவன் சொன்னபோது முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது குசினிப் படியில் இருந்துவிட்டேன். அவனும் கையைத் துடைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். அன்றைக்குத்தான் அவன் தன் வேலையைப் பற்றி என்னிடம் முழுதாகச் சொன்னான்.

வருடத்துக்கு ஒரு தடவை உலையை நிற்பாட்டுவார்களாம். அதன் மேல் ஒரு தொட்டி, எங்கள் கோயில் உயரத்துக்கு ஆழம், உள்ளே முழுக்க இரும்புத் தகடு. வேலை முடிந்து அதில் நிரப்பிய தண்ணீரை இறக்கியதும் அந்தத் தகட்டில் ஒரு தூசி ஒட்டியிருக்கும். குழாய்களுக்குள் துருவேறி, உலைக்குள் போய் வந்து கெட்டுப்போன தூசி. கண்ணுக்குத் தெரியாது. மணம் இல்லை. ஆனால் அது சும்மா இருந்தபடியே கதிர் விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனின் உடம்புக்குள்ளால் போகும். அதை எடுத்தால்தான் மற்ற வேலைக்காரர் உள்ளே வரலாம். அதை எடுக்கிறவர்கள் தம்பியும் அவனைப் போன்றவர்களும்.

"முதல்லை பெரிய அமுக்கத்திலை தண்ணி அடிச்சு இறக்குவம். போகாட்டி கையாலை, இப்ப செய்தது மாதிரித் துடைக்கிறது. சில இடத்துக்கு ஒரு பெயின்ற் இருக்கு. ரப்பர் மாதிரி. அடிச்சுப்போட்டுக் காயவிட்டா தோல் போலை உரிஞ்சு வரும். ஊத்தையும் அதோடை ஒட்டிக்கொண்டு வந்திடும்."

"வேலை செய்யிற ஆயுதங்களோ?" நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏதாவது கேட்கவேண்டும் போல் இருந்தது.

"ஸ்பானர், பம்புத் துண்டுகளை அசிற்றுத் தொட்டிக்கை ஊறப்போடுவம். சீமெந்துக்குள்ளை இறங்கியிருந்தா மெசின் வைச்சு நிலத்தைச் சீவுறது, நகத்தின்ரை தடிப்புக்கு. சில நேரம் தண்ணி பாவிக்க ஏலாத இடமிருக்கும். அதுக்கு ஒருவகை ஐசைப் பொடியாக்கி மணல் மாதிரி அடிப்பம். ஐஸ் ஆவியாப் போயிடும், ஊத்தை மட்டும் கீழை விழும்."

"பேந்து அந்த ஊத்தையை என்ன செய்யிறது?"

"பீப்பாயிலை போட்டுப் பூட்டி வைக்கிறது. அது அழியாது அக்கா. ஒரு இடத்திலை இருந்து எடுத்து இன்னொரு இடத்திலை வைக்கிறம். அவ்வளவுதான் எங்கடை வேலை."

உடம்புக்குள் போகாதா என்று கேட்டேன். இரண்டு சோடி கையுறை, மணிக்கட்டில் ஒட்டுநாடா, தலைக்கு மேலால் மூடுகிற உடுப்பு, அதற்குள் குழாயால் காற்று. கழற்றுவதுதான் கஷ்டம் என்றான். தானாகக் கழற்றக்கூடாது. பக்கத்தில் ஒருத்தர் நின்று, வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரிச் சுருட்டிச் சுருட்டி உரித்துவிடுவார். கடைசியில் ஒரு மெசினுக்குள் நிற்கவேண்டும். அது ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே கை, கால், முகம் எல்லாம் பார்க்கும். ஒன்றும் இல்லையென்றால் கதவு திறக்கும்.

"திறக்காட்டி?"

அவன் எழும்பிப் போய் மிச்சச் சுவரைத் துடைத்தான். கரித்துணி போட்ட பையின் வாயைக் கட்டி மூலையில் வைத்திருந்தான். அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடவேண்டியது நான். என்னால் அதைத் தொட முடியவில்லை. உள்ளே இருப்பது எங்கள் வீட்டு லாம்புக் கரி என்று தெரிந்தும் முடியவில்லை. கடைசியில் அவனே எடுத்துக்கொண்டு போனான்.

"இந்தக் கதையை அங்கை பெண் வீட்டிலை கதைக்காதை" என்று மட்டும் சொன்னேன். அவன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அம்மா, தம்பி, நான். பெண்ணின் தகப்பன் உயர்ந்த மனிசன், வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். கதிரைகளை வட்டமாகப் போட்டு எங்களை இருத்தினார். கேக்கும் தேத்தண்ணியும் வந்தன. பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

"தம்பிக்கு இன்னும் எவ்வளவு காலம் லீவு இருக்கு?" என்று தகப்பன் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டா. "நாலு மாதம் குடுத்திருக்கிறாங்கள். அதிலை ஒரு மாதம்தான் போனது. எல்லாம் கர்த்தர் தந்த லீவு."

"அது லீவு இல்லை" என்றான் தம்பி.

எல்லாரும் அவனைப் பார்த்தோம். நான் அவன் காலை மிதிக்கப் பார்த்தேன், எட்டவில்லை.

"நான் வேலை செய்யிறது அணு உலையிலை. உள்ளுக்கை துப்புரவாக்கிறது. அங்கை உடம்பிலை கதிர் படும். ஒரு வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் படலாம் எண்டு சட்டம் இருக்கு. நெஞ்சிலை ஒரு சின்னக் கருவி கொழுவியிருப்பம், அது காட்டும். எனக்கு இந்த வருஷத்துக்கான அளவு முடியப்போகுது. அதாலை உள்ளுக்கை விடமாட்டினம். அந்த இடைவெளியிலைதான் வந்தனான்."

அம்மா தேத்தண்ணிப் பேணியை வாய்க்குக் கொண்டுபோனவ, குடிக்காமல் கீழே வைத்தா. குசினியில் இவ்வளவு சொன்னவன் இதை எனக்குச் சொல்லவில்லை. லீவு என்று நாங்கள் நன்றி சொன்ன நாலு மாதமும், இனி இவனுக்குள் கதிருக்கு இடமில்லை என்று வெளியே விட்ட நாலு மாதம். சாக்கு நிரம்பியதும் வாய் கட்டி ஒதுக்கி வைக்கிறமே, அப்படி என் தம்பியை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

தகப்பன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "தம்பி, நீர் மறைக்காமல் சொன்னதுக்குச் சந்தோசம்" என்றார். "நான் கடல்காரன். கடலிலை என்ன பயம் எண்டு எனக்குத் தெரியும். நீர் சொல்லுற பயம் எனக்கு விளங்கேல்லை. விளங்காத இடத்துக்கு என்ரை பிள்ளையை நான் எப்பிடி அனுப்புறது?"

அதற்குப் பிறகு அங்கே கதைக்க ஒன்றுமில்லை. கேக்கை ஒருவரும் தொடவில்லை. வெயிலுக்குள் றோட்டுக்கு நடந்து வந்து பஸ்சுக்கு நின்றோம்.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் அம்மா அவனைப் பார்த்துக் கேட்டா: "அப்ப அந்த மொட்டை?"

நான் மறந்தே போயிருந்தேன். அம்மா மறக்கவில்லை.

தம்பி கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னான். ஒருநாள் உடுப்புக் கழற்றும்போது தொப்பியின் வெளிப்பக்கம் தலையில் பட்டுவிட்டது. கடைசி மெசினில் கதவு திறக்கவில்லை. சிவப்பு லைற் எரிந்தது. உடனே ஒரு பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் குளிக்க வார்த்தார்கள். சுடுதண்ணியும் இல்லை, குளிர்தண்ணியும் இல்லை, வெதுவெதுப்பான தண்ணி. தோல் உரஞ்சுப்படக்கூடாது என்று மெல்லிய சவர்க்காரத்தால் தேய்த்தார்கள். கருவி வைத்துப் பார்த்தார்கள். திரும்பவும் குளிக்க வார்த்தார்கள். கழுத்தில் இருந்தது போய்விட்டது. முடியில் இருந்தது போகவில்லை. அதனால் முடியை வெட்டி எடுத்தார்கள். மூக்குக்குள் பஞ்சு விட்டுப் பார்த்தார்கள். ஒரு கட்டிலில் படுக்கவைத்து உடம்புக்குள் ஏதும் போனதா என்று பார்த்தார்கள். போகவில்லை.

"வெட்டின முடி?" என்றேன்.

"அதையும் பீப்பாய்க்குள்ளைதான் போட்டவங்கள்."

அம்மா எழும்பி வந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தா. முடியை விலக்கி விலக்கி, பேன் பார்க்கிற மாதிரி, தோலைப் பார்த்தா. முகர்ந்தும் பார்த்தா. "அம்மா, அது எப்பவோ நடந்தது, ஒண்டுமில்லை" என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அவன் பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். பார்க்க முடியாமல் நான் வளவுக்குள் போய்விட்டேன்.

அடுத்த கிழமை பின்னேரம் ஒன்றில், எங்கள் படலைக்கு முன்னால் இரண்டு சைக்கிள் வந்து நின்றன. ஒன்றில் அந்தப் பெண். மற்றதில் அவளின் சின்னம்மா. நாரந்தனையிலிருந்து மிதித்து வந்து இருவருக்கும் முகம் வேர்த்திருந்தது. எனக்கு என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"அக்கா, நான் அவரோடை ஒரு கதை கேக்கவேணும்" என்றாள். "அப்பாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

தம்பி அப்போது கிணற்றடியில் நின்றான். ஈரத் தலையோடு வந்தான். அம்மா அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டா. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"பிள்ளை பிறக்குமோ?" என்றுதான் முதலில் கேட்டாள். சின்னம்மா தலையைக் குனிந்தா.

தம்பி சிவந்துபோனான். ஆனால் பதில் சொன்னான். "அளவுக்குள்ளை இருந்தா பயமில்லை எண்டு அங்கத்தை டொக்டர்மார் சொல்லுகினம். என்னோடை வேலை செய்யிற ஆக்களுக்குப் பிள்ளையள் இருக்கு. நான் டொக்டர் இல்லை. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"ஏன் வேறை வேலைக்குப் போகேல்லை?"

"கோப்பை கழுவின கடையிலை எனக்குப் பேரே இல்லை. 'ஏய்' எண்டுதான். இங்கை உள்ளுக்கை போகேக்கை வாசல்லை ஒருத்தன் என்ரை பேரைச் சொல்லி அனுப்புவான். திரும்பி வரேல்லை எண்டா தேடுவான். நீர் நம்புவீரோ தெரியாது, அதுக்காகத்தான் நான் அங்கை நிண்டனான்."

அவள், "எங்கடை வீட்டிலையும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை" என்றாள்.

"பிள்ளை!" என்றா சின்னம்மா.

"இல்லைச் சின்னம்மா, சொல்லத்தான் வேணும்." அவள் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்குள்ளை ஒரு செல் துண்டு இருக்கு. சின்னனிலை சண்டைக்குள்ளை ஓடேக்கை செல் விழுந்து வெடிச்சுப் பட்டது. எடுக்க ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர். மழைக்குளிருக்கு உளையும். கலியாணம் குழம்பிப்போகும் எண்டு அப்பா சொல்லவேண்டாம் எண்டவர்."

அம்மா வாயில் கை வைத்தா. நான் அவளின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேலைத் தலைப்புக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவந்தது அந்தக் கையால்தான்.

அவள் தம்பியைப் பார்த்துத் தொடர்ந்தாள். "உங்களுக்கு எவ்வளவு பட்டது எண்டு அங்கை ஆரோ அளந்து பாக்கினம். காணும் எண்டு நிப்பாட்டி வீட்டை அனுப்பியும் விடுகினம். இஞ்சை எங்களுக்கு எவ்வளவு பட்டது எண்டு ஆர் அளந்தது? ஆர் காணும் எண்டு சொன்னது? அப்பா கேட்டது எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஆனா யோசிச்சுப் பாத்தன். எனக்கு அது பெரிய பயமாத் தெரியேல்லை."

தம்பி குசினிக்குள் போய் அவளுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்துவிட்டுச் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனாள்.

தகப்பன் இரண்டு கிழமை முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு காலை பெரிய பாரை மீன் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அவள் பிடிச்சா விடமாட்டாள்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. அம்மா மீனை வாங்கிக்கொண்டா. கரம்பொன் கோயிலில் கலியாணம் நடந்தது. அவன் திரும்பிப் போனான். விசா வர இரண்டு வருடம் எடுத்தது. இரண்டாயிரத்து ஐந்தில் அவளும் போனாள்.

அடுத்த வருடம் திரும்பச் சண்டை வந்து பாதையைப் பூட்டினார்கள். மீண்டும் சாமான் தட்டுப்பாடு, சங்கக்கடையில் நீண்ட வரிசை, கடலுக்குப் போகப் பாஸ். அந்தக் குழப்பத்துக்குள்தான் அவர்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. செய்தி வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, கை கால் எல்லாம் சரியோ என்பது. எல்லாம் சரி என்று அவன் சொன்ன பிறகும் படம் வரும்வரை அம்மா நம்பவில்லை. படத்தில் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினா.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு அன்ரெனா வைத்த போன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எடுப்பார்கள். இரண்டாயிரத்து எட்டில் ஒருநாள், இப்போது எனக்கு மச்சாளான அவளோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையைப் பகலில் ஆர் பார்க்கிறது என்று சும்மா கேட்டேன். பிள்ளை பராமரிக்கிற இடத்தில் விடுகிறோம், நானும் வேலைக்குப் போகிறேன் என்றாள்.

"எங்கை?"

"அவர் வேலை செய்யிற இடத்துக்குப் பக்கத்திலை. அவையள் போட்டுக் கழட்டுற உடுப்புகளைத் தோய்க்கிற இடம்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அவன் ஒருத்தன் காணாதே? உமக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. அவனிட்டைப் போனைக் குடும்!"

தம்பி வந்தான். "நீயே அனுப்பினனீ?" என்று கத்தினேன்.

"நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான் அக்கா. ஒருநாள் நான் கழட்டிப்போடுற உடுப்பை ஆர் தோய்க்கிறது எண்டு கேட்டா. அங்கை கொஞ்ச மனிசிமார் வேலை செய்யினம் எண்டு சொன்னன். பேந்து நான் எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. அவவின்ரை குணம் உனக்குத் தெரியும்தானே."

நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவள் எடுத்தாள்.

"மச்சாள், கோவமே?"

"கோவமில்லை. பயம்."

அவள் பொறுமையாகச் சொன்னாள். உடுப்புகள் பைகளில் வரும். ஒவ்வொரு பையாகக் கருவி வைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. பிறகு பெரிய மெசின்களில் தோய்த்துக் காயவைத்து, ஓடுகிற பட்டியில் போட்டு இன்னொரு தடவை பார்ப்பார்கள். சரியில்லாததைத் திரும்பத் தோய்ப்பார்கள். அதற்கும் போகாவிட்டால் வெட்டிப் பீப்பாய்க்குள் போட்டுவிடுவார்கள்.

வேலைக்கு எடுக்க முதல் டொக்டர் அவளை எக்ஸ்றே படம் பிடித்துப் பார்த்தாராம். "என்ரை தோளைப் பாத்துப்போட்டு அந்த டொக்டர் கதிரையாலை எழும்பி நிண்டிட்டார் மச்சாள். மற்ற டொக்டரையும் கூப்பிட்டுக் காட்டினவர். இவ்வளவு காலம் உதோடையே இருந்தனீர் எண்டு கேட்டுக் கேட்டு மாஞ்சு போனார். அணு உலைக்குப் பயப்பிடாத மனிசன், என்ரை செல் துண்டுக்குப் பயந்திட்டார்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். எடுத்துவிட்டார்கள், இப்போது உளைவு இல்லை என்றாள். இதையும் அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த மாதங்களில், நாங்கள் போனில் ஒன்றும் கதைக்கமாட்டோம். இரு பக்கமும் போனைப் பிடித்துக்கொண்டு இருப்போம். வைக்க முதல் நான் அவளிடம் ஒன்று கேட்பேன்.

"இந்தக் கிழமை மெசின் என்ன சொன்னது?"

"ஒண்டுமில்லை மச்சாள். கதவு திறந்தது."

அவனிடமும் அதையே கேட்பேன். அவன் இப்போது உள்ளே போவது குறைவு. புதிதாக வருகிறவர்களுக்கு உடுப்புக் கழற்றக் காட்டிக் கொடுக்கிறானாம். பிறகு பிள்ளையிடம் போனைக் கொடுப்பார்கள். அவள் பிரெஞ்சும் தமிழும் கலந்து எதையோ சொல்லிக்கொண்டே போவாள். எனக்குப் பாதி விளங்காது. போனை அம்மாவின் காதில் வைத்துவிட்டு நான் பக்கத்தில் இருப்பேன்.